வாசலில் கேட்கக் கூடாத கேள்வி

1

எங்கள் ஊர் மலைநடைச் சங்கத்தில் எனக்கு ஒரு பதவி உண்டு. எங்கள் ஊர் என்றால் இப்போதைக்கு ஸ்காட்லாந்தின் வடக்கே, ஆடி மாதத்திலும் ஸ்வெட்டர் கேட்கிற ஒரு சின்ன ஊர். வரப்போகும் நடைகளின் பட்டியலை எழுதி, மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசிப்பதுதான் பதவி. எந்த ஞாயிறு எந்த மலை, எங்கே கூடுவது, யார் முன்னால் நடப்பது, எங்கே வழுக்கும், எங்கே இறங்கியதும் நல்ல டீ கிடைக்கும். கடைசி விஷயத்தை மட்டும் நான் நேரில் போய்ப் பார்த்து எழுதுகிறேன். மற்றதெல்லாம் கேள்வி ஞானம்.

இன்னொரு வேலையும் உண்டு. நடைக்குப் போகிறவர்கள் புறப்படும் முன் எனக்குப் போன் செய்து, எந்தத் தடத்தில் ஏறி எந்தத் தடத்தில் இறங்குகிறோம், எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்று சொல்லிவிட வேண்டும். சொன்ன நேரத்துக்குள் போன் வரவில்லை என்றால் நான் மீட்புக் குழுவைக் கூப்பிடுவேன். ஹீட்டர் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு பிறர் உயிரைக் காக்கிற வேலை. இதற்கு என்னைவிடக் கனமான ஆள் சங்கத்தில் கிடையாது. எடையைச் சொல்கிறேன்.

கூட்டம் முடியும்போது ஒவ்வொரு முறையும் ஒரே பிரசங்கம்தான். "போகிற இடத்தைச் சொல்லாமல் போகாதீர்கள். மலை உங்களைத் தேடிக் கொடுக்காது. நாங்கள்தான் தேட வேண்டும்." எல்லோரும் தலையாட்டுவார்கள். அதற்குள் பாதிப் பேர் கண் கேக் தட்டுக்குப் போயிருக்கும்.

ஊரில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். எருமப்பட்டியில் பிறந்தவன் நான். கொல்லிமலையை எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இருந்து பார்த்தே வளர்ந்தேன். மலை தெளிவாகத் தெரிந்தால் அம்மா மிளகாய் காயப்போடுவாள், மேகம் மூடினால் வாரி உள்ளே கொண்டுபோவாள். மலையோடு எனக்கிருந்த உறவு அந்த மிளகாய் அளவுதான். ஒரே ஒருமுறை பஸ்ஸில் ஏறினேன். எழுபது கொண்டை ஊசி வளைவு என்பார்கள். நான் பாதிக்கு மேல் எண்ணவில்லை. தலையை ஜன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டு எண்ண முடியாது.

2

எங்கள் வீட்டில், ஸ்காட்லாந்து வீட்டில், இதற்கு நேர்மாறான ஒரு சட்டம் உண்டு. போட்டவள் என் மனைவி பூங்கொடி. புதுச்சத்திரத்துப் பெண். மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறாள், இரண்டு நாட்டு மருத்துவமும் தெரியும். ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் தாண்டுகிறவரைப் பார்த்து "எங்கே போறே?" என்று யாராவது கேட்டுவிட்டால் அவளுக்கு முகம் மாறிவிடும். போகிற காரியம் கெடும். கேட்டுவிட்டால் பரிகாரம் ஒன்றுதான். போகிறவர் திரும்ப உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி புதிதாகக் கிளம்ப வேண்டும். "போறேன்" என்றும் சொல்லக் கூடாது. "வாரேன்."

இந்த "வாரேன்" என்னை வந்த புதிதில் படுத்திய பாடு! நடை முடிந்து கிளம்பும்போது எல்லோரிடமும் ஆங்கிலத்தில் "நான் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். சங்கத் தலைவி மார்கரெட், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, ஒருநாள் மழையில் வண்டி நிறுத்துமிடத்தில் எனக்காக அரைமணி நேரம் காத்து நின்றிருக்கிறார். "வருகிறேன் என்றாயே, வரவில்லையே?" என்று மறுநாள் கேட்டார். வாரேன் என்றால் போகிறேன் என்று அர்த்தம் என நான் விளக்கியதை அவர் இன்றுவரை முழுதாக நம்பவில்லை.

எங்கள் ஒரே மகள் கயல்விழி இந்த இரண்டு சட்டத்துக்கும் நடுவில் வளர்ந்தவள். பத்து வயதில் நான் அவள் பையில் ஓர் ஆரஞ்சு நிற விசிலைக் கட்டிவிட்டேன். மலையில் மாட்டிக்கொண்டால் ஆறு தடவை ஊத வேண்டும், ஒரு நிமிடம் நிறுத்த வேண்டும், மறுபடி ஆறு. தேடி வருகிறவர்கள் மூன்று தடவை ஊதிப் பதில் சொல்வார்கள். இதைச் சாப்பாட்டு மேஜையில் கரண்டியால் தட்டித்தட்டிச் சொல்லிக் கொடுத்தேன். அதே மேஜையில் அவள் அம்மா, ஷூ போட்ட பிறகு எங்கே போகிறேன் என்று சொல்லவும் கூடாது, யாரும் கேட்கவும் கூடாது என்று சொல்லிக் கொடுத்தாள். பிள்ளை இரண்டையும் கேட்டுக்கொண்டது. முந்தின ராத்திரியே, சாக்ஸ்கூடத் தொடாமல், போகிற மலையின் பெயரை எனக்குச் சொல்லிவிடும். இப்படி ஒரு சமரசத்தில் ஓடிக்கொண்டிருந்தது குடும்பம்.

வளர்ந்த பிறகு அவள் எங்களை விட்டு நகர்ந்துபோவாள் என்று எதிர்பார்த்தே இருந்தோம். ஆனால் எந்தத் திசையில் போவாள் என்பதில்தான் ஏமாந்தோம். லண்டனுக்குப் போவாள் என்று நினைத்தால் சேலத்துக்குப் போனாள். துணி ஏற்றுமதி செய்கிற ஒரு நிறுவனத்தில் பயிற்சி வேலை. சூரமங்கலத்தில் ஓர் அறை. நான் தப்பித்து வந்த ஊர்ப் பக்கத்துக்கு என் மகள் விசா வாங்கிக்கொண்டு போகிறாள். அந்த விசாவுக்கு, என் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்த சான்று எங்கே என்று கேட்டார்கள். வீட்டையே கவிழ்த்துத் தேடினோம். நான் அந்த ஊர்க்காரன்தான் என்பதை நிரூபிக்க, இனி அந்த நாட்டுக்காரன் இல்லை என்கிற காகிதம் வேண்டும். கடைசியில் பூங்கொடியின் பட்டுப்புடவை மடிப்பில் கிடைத்தது.

சனி, ஞாயிறு ஆனால் அவள் பஸ் ஏறி எருமப்பட்டிக்குப் போய்விடுவாள். அங்கே என் தம்பி தங்கவேல் இருக்கிறான், சொந்த லாரி ஓட்டுகிறான். அவன் மனைவி சரசு. பிள்ளை இல்லாத வீடு. கயல் போனால் கோழி அடித்து, முறுக்குச் சுட்டு, ஏகப்பட்ட உபசாரம். "அப்பா, சித்தி வீட்டு மாடியிலிருந்து மலை தெரியுது," என்று முதல் வாரம் போனில் சொன்னாள். "சும்மா பாத்துட்டே இருக்குப்பா அது."

நான் சிரித்தேன். மலை பார்க்கும் என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

3

கார்த்திகை மாதத்து ஒரு சனிக்கிழமை. இங்கே மாதக் கூட்டம். தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள சிறிய கூடத்தில், ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருக்க, நான் எழுந்து நின்று குளிர்கால நடைகளின் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தேன். பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. தங்கவேல். அவன் வழக்கமாக ஞாயிறன்றுதான் கூப்பிடுவான். நான் எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது. மூன்றாம் முறை எடுத்தேன்.

"அண்ணா, பாப்பா உங்ககிட்டப் பேசுச்சுங்களா?"

"இல்லையே. அங்கதானே இருக்குது?"

"காலைல மலைக்குப் போச்சுங்க. மத்தியானச் சோத்துக்கு வந்துபோடறேன்னுச்சு. இன்னும் வரலீங்க. போனும் போகமாட்டீங்குது."

கூடம் முழுக்க என்னைப் பார்த்தது. அங்கே சாயங்காலம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் பொழுது விழுந்துவிடும்.

"மழையா அங்க?"

"மத்தியானத்துல இருந்தே மலை தெரியலீங்கண்ணா. மூடிக்கிச்சு."

"சரி, எந்த வழியா ஏறுச்சு?"

போனைக் கைமாற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு சரசு அழுகிற சத்தம்.

"ஏம்மா சரசு, அழுகாத. எந்தப் பக்கம் போச்சு?"

"தெரியலீங்க மாமா."

"ஒரு வார்த்தை கேட்கலையா?"

"ஏனுங்க மாமா, வாசல்ல காலை வெச்ச புள்ளைய எங்கன்னு கேப்பாங்களா?"

எங்கள் வீட்டுச் சட்டமும் அதுதானே. ஆனால் அவள் அதோடு நிறுத்தவில்லை.

"ராத்திரி சொல்லலாம்னு இருந்துச்சாமுங்க, அசந்து தூங்கிப்போச்சு. காலைல ஷூவை மாட்டிக்கிட்டு அதாவே சொல்ல வந்துச்சுங்க மாமா. 'சித்தி, நான் இந்த வழியா ஏறி'ன்னு ஆரம்பிச்சுச்சு. நான் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டனுங்க. சொல்லாத சாமி, கெளம்பறப்பச் சொல்லக் கூடாது, போயிட்டு வந்து சொல்லுன்னேன். அதுவும் சிரிச்சுக்கிட்டு, சரி சித்தி, வாரேன்னு போயிருச்சுங்க."

சரசு காதைப் பொத்தியதற்குக் காரணம் உண்டு. அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான். அவனும் லாரிதான். ஒருநாள் வண்டியை எடுக்கும்போது தெருவில் யாரோ "எங்கே லோடு?" என்று கேட்டுவிட்டார்கள். இறங்கி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போ என்று சரசு கெஞ்சியிருக்கிறாள். லோடு தாமதமாகிறது என்று அவன் இறங்கவில்லை. திரும்பி வரவும் இல்லை. அன்றிலிருந்து அந்த வீட்டு வாசலில் அந்தக் கேள்வி கிடையாது. அன்பினால் பொத்திய காது அது. அதை யார் திட்டுவது?

4

"எந்த மலை?" என்றார் மார்கரெட். எல்லாவற்றையும் என் முகத்திலேயே படித்திருந்தார்.

"எங்கள் ஊர் மலை."

"எந்தத் தடம்?"

தெரியாது என்றேன். இத்தனை வருடமாக மாதாமாதம் பிரசங்கம் செய்த அதே இடத்தில் நின்றுகொண்டு, என் கையில் அடுத்த மூன்று மாதத்துக்கு எல்லோருடைய தடமும் இருக்க, என் மகளுடைய தடம் தெரியாது என்றேன். யாரோ எனக்கு ஒரு டீயை வைத்தார்கள். கேக்கை யாரும் தொடவில்லை. அந்தச் சங்கத்தில் அது நடந்து நான் பார்த்ததில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் முழுதாக வந்தது.

தங்கவேல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டுக் கூப்பிட்டான். அவர்கள் நல்லபடியாகத்தான் கேட்டிருக்கிறார்கள். "எந்த அடிவாரம்னு சொல்லுங்க, ஆளை அனுப்பறோம். மலை சின்னதாங்க? இந்தப் பக்கம் எறங்குனா நம்ம எல்லை, அந்தப் பக்கம் எறங்குனா வேற ஜில்லா." நியாயமான கேள்விதான். ஒத்தையடித் தடங்கள் எத்தனையோ இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஓடைப் பக்கம் போகிறது. நாலைந்து பேரை வைத்துக்கொண்டு அந்த மழை இருட்டில் எதில் ஏறுவது?

பூங்கொடி வேலையில் இருந்தாள். போன் அவள் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். வேலை முடிந்து அவள் எடுத்துப் பார்ப்பதற்குள் ஏதாவது ஒன்று தெரிந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எது தெரிய வேண்டும் என்று வேண்டிக்கொள்ளத் தைரியம் இல்லை.

அடுத்து அவன் கூப்பிட்டபோது லாரிக்குள் இருந்தான். வைப்பர் ஓடுகிற சத்தம் கேட்டது. அடிவாரத்து ஊர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகிறானாம். குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"அண்ணா, இங்க ஒரு ஊருல கதவையெல்லாம் சாத்திக்கிட்டாங்க."

"ஏன்?"

"மலையில இருந்து விசில் சத்தம் கேக்குதாமுங்க. காத்துக் கருப்பு கூப்புடுதுன்னு சொல்றாங்க. அந்தி நேரத்துல அது கூப்புட்டாத் திரும்பிப் பாக்கக் கூடாதாம். வெளக்கைக்கூட உள்ளார எடுத்துக்கிட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினான். "நானும் கேட்டனுங்கண்ணா. ஒடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு. வண்டியத் திருப்பிடலாமான்னு பாக்கறேன்."

"தங்கவேலு, எத்தனை விசில்?"

"என்னங்கண்ணா?"

"எண்ணுடா! எத்தனை தடவை அடிக்குது?"

என் சத்தத்தில் மார்கரெட் எழுந்து நின்றார். தங்கவேல் எஞ்சினை அணைத்தான். மழைச் சத்தம் மட்டும் வந்தது. தவளைகள். பிறகு, ரொம்பத் தூரத்தில், என் காதுக்கு எட்டியதா நானே கற்பனை செய்துகொண்டதா என்று இன்றுவரை தெரியாத ஒரு மெல்லிய சத்தம்.

"ஆறுங்கண்ணா," என்றான். "அப்பறம் நின்னுபோச்சு."

நாங்கள் காத்திருந்தோம். கடல் தாண்டி ஒரு கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர், அவன் லாரியில் அவன் ஒருவன்.

"மறுக்கா ஆறு," என்றான்.

"அது கருப்பு இல்லடா. என்ற மவ."

அவன் "ஐயோ" என்றான். "பதில் குடு," என்றேன். "மூணு தடவை. ஹாரன் அடி."

பக்கத்தில் யாரோ ஒரு பெண் ஜன்னலில் இருந்து கத்துவது கேட்டது. "ஏனுங்க, ஹாரன் கீரன் அடிக்காதீங்க! பதில் குடுத்தா அது ஊடு வரைக்கும் கூடவே வந்துருமுங்க!"

"வரட்டும்டா!" என்று நான் இங்கிருந்து கத்தினேன். "அதுக்குத்தானே கூப்புடறோம்!"

நாமக்கல் லாரி ஏர் ஹாரனைக் கேட்டவர்களுக்குத் தெரியும், மலை என்ன, மாண்டவரே எழுந்து வழிவிடுவார். மூன்று தடவை அடித்தான். கூடத்தில் இருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். பிறகு ஒரு சத்தமும் இல்லை. ரொம்ப நேரத்துக்கு இல்லை. எனக்குத் தெரிந்து நான் மூச்சு விடவே இல்லை, என் உடம்புக்கு அது சாதாரணக் காரியம் அல்ல. அப்புறம் தங்கவேல் அழ ஆரம்பித்தான். அழுகைக்கு நடுவில், "அடிக்குதுங்கண்ணா, நிறுத்தாம அடிக்குதுங்க," என்றான்.

கதவைச் சாத்திக்கொண்டவர்கள்தான் கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள். அந்தத் தடம் அவர்களுக்கு மனப்பாடம். ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்து, கணுக்கால் முறிந்து, போன் தண்ணீரில் போய், ஒரு பாறை இடுக்கில் நடுங்கிக்கொண்டு இருந்தவளைக் கம்பில் புடவை கட்டித் தூளியாக்கித் தூக்கிக்கொண்டு இறக்கினார்கள். ஹாரன் அடிக்காதே என்று கத்திய அந்தப் பெண்ணுடைய புடவையாம்.

கயல் முதலில் பேசியது: "அப்பா, சித்தியைத் திட்டிடாதீங்க."

அடுத்தது: "ரொம்ப நேரமா ஊதிட்டு இருந்தேன்பா. கீழே ஒவ்வொரு விளக்கா அணைஞ்சுது. நான் ஊத ஊத அணைஞ்சுது. ஏன்னே புரியலை."

இதை நான் பூங்கொடியிடம் சொல்லவில்லை. இந்தக் குறிப்பில் படித்துத் தெரிந்துகொள்வாள்.

5

கால் கூடிவிட்டது. பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடு என்று நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னோம். வரவில்லை. போன வாரம் எனக்கு ஒரு செய்தி அனுப்பினாள். சேலத்தில் அவளோடு வேலை செய்கிற பெண்கள் நாலைந்து பேரைச் சேர்த்து ஒரு மலைநடைச் சங்கமாம். வரப்போகும் நடைகளின் பட்டியல் என்று தலைப்பு. என் எழுத்து நடையை அப்படியே திருடி எழுதியிருக்கிறாள், டீக்கடை உட்பட. முதல் நடையே அந்த மலை, அதே தடம். "வழி இப்ப எனக்குத் தெரியும்பா. கூடவே அந்த ஊர்க்காரங்க ரெண்டு பேர் வர்றாங்க," என்றாள். தகவல் சொல்ல வேண்டிய ஆள் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

முதல் நடை இன்றைக்கு.

காலையில் நான் எழுந்தபோது சரசுவின் குரல் செய்தி வந்து கிடந்தது. குரல் நடுங்கியது, ஆனால் சொல்லி முடித்தாள்.

"மாமா, கேட்டுப்போட்டனுங்க. ஷூவை மாட்டிக்கிட்டு வாசல்ல எறங்குச்சு. எங்க சாமி போறேன்னு கேட்டுப்போட்டேன். பாப்பா திரும்பி உள்ளார வந்து உக்காந்துச்சு. தண்ணி குடுத்தேன். குடிச்சுக்கிட்டே சொல்லுச்சுங்க, எந்த வழியா ஏறும், எந்த ஓடைக்கிட்டச் சோறு திங்கும், எப்ப எறங்கும்னு அத்தனையும். காதைத் தொறந்து வெச்சுக்கிட்டுக் கேட்டனுங்க மாமா. பாதித் தண்ணிதான் குடிச்சுது. மீதிய வந்து குடிக்கிறேன்னுட்டுப் போயிருக்குது."

பிறகு, தடத்தை வரிசையாக, ஒரு மரம் விடாமல் சொன்னாள்.

கேள்வியைக் கேட்டால் திரும்ப வந்து உட்கார வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த பரிகாரம்தான். அப்படி உட்கார்ந்திருக்கிற நேரத்தில் போகிற இடத்தைச் சொல்லிக்கொள்ளலாம் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. மகளை மலையில் தொலைத்துத் தேடிய பிறகுதான் தோன்றியிருக்கிறது.

கயல் இறங்குவதாகச் சொன்ன நேரம் நெருங்கிவிட்டது. கோடை மழை கட்டுகிறது, மலை மேல்பாதி தெரியவில்லை என்று சற்று முன் தங்கவேல் சொன்னான். லாரியை அடிவாரத்தில் நிறுத்தி உள்ளே உட்கார்ந்திருக்கிறான். ஹாரன் சரியாக இருக்கிறதா என்று காலையிலேயே ஒருமுறை அடித்துப் பார்த்தானாம். ஊர் மொத்தமும் வெளியே வந்துவிட்டதாம்.

இங்கே பூங்கொடி என் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். போன் எங்கள் இருவருக்கும் நடுவில் மேஜையில் கிடக்கிறது. சரசு ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்து ஜன்னலில் பாதித் தண்ணீரோடு ஒரு டம்ளர், மேலே ஒரு தட்டு மூடி. பூங்கொடி அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறாள்.

"சரசுவைத் தட்டை எடுக்கச் சொல்லுங்க," என்கிறாள். "இப்ப வந்துருவா, வந்ததும் குடிக்கணும். ராத்திரிக்கு எடுத்து வெக்கற மாதிரி எதுக்கு மூடி வெக்கறா?"